டூலாலி: நாசிக் பக்கத்து ஊர்ப்பெயர் லண்டனில் கிறுக்கானது எப்படி

நர்ஸ் வேலைக்காக இங்கிலாந்து வருகிறவர்கள் எழுதும் ஓ.இ.டி. ஆங்கிலத் தேர்வில் 'டூலாலி' என்ற வார்த்தை வராது. வந்து இறங்கியபின் கொடுக்க வேண்டிய ஆஸ்கி செய்முறைத் தேர்விலும் வராது. ஆனால் இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்து பாருங்கள், முதல் சம்பளம் கைக்கு வருவதற்குள் காதில் விழுந்துவிடும்.

எனக்கு அதைச் சொன்னவர் தொண்ணூறு தாண்டிய ஒரு பாட்டி. மூக்குக்கண்ணாடியைத் தலைக்கு மேல் ஏற்றி வைத்துக்கொண்டே மேசை, மெத்தை, கைப்பை என்று எல்லா இடத்திலும் தேடிக்கொண்டிருந்தார். எடுத்துக் கையில் கொடுத்தேன். "ஐ ஹாவ் கான் டூலாலி, டார்லிங்" என்று வாய்விட்டுச் சிரித்தார். அவர் சிரித்ததால் நானும் சிரித்தேன். லாலி பாடுகிற மாதிரி ஒரு சத்தம், அதில் என்ன அர்த்தம் இருக்க முடியும் என்றுதான் அப்போது தோன்றியது.

ஷிப்ட் முடிகிற நேரத்தில் கூட வேலை செய்யும் யாழ்ப்பாணத்து அக்காவிடம் கேட்டேன். அவர் லண்டனுக்கு வந்து ரொம்ப காலம் ஆகிறது. "ஓம், அது விசர் பிடிச்சிட்டுது எண்டு சொல்லுறது. பகிடிக்குச் சொல்லுறவை. ஆனா நீர் நோட்ஸிலை மட்டும் அதை எழுதிப் போடாதேயும்" என்றார். அந்தக் கடைசி வாக்கியம் அகராதியில் கிடைக்காது. பிற்பாடு நான் கற்றுக்கொண்ட பாதி விஷயம் அதிலேயே இருந்தது.

அர்த்தம் சுலபம்தான்: புத்தி தடுமாறுவது, கிறுக்குப் பிடிப்பது, மண்டை குழம்புவது. பெரும்பாலும் 'கான்' அல்லது 'கோயிங்' என்ற வினையோடு சேர்ந்து வரும். நம் ஊரில் 'மெண்டல்' என்று ஒருவரைக் கூப்பிடுவது போல 'ஏய் டூலாலி' என்று யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. மனிதர்களுக்கு மட்டும் என்றும் இல்லை. எங்கள் இல்லத்து லிப்ட் இரண்டாம் மாடிக்குப் போகாமல் நடுவில் நின்று கதவைத் திறந்து மூடினால் அது டூலாலி. பிரிண்டர் வெற்றுத் தாளாகத் துப்பினால் டூலாலி. கேஸ் பில் தாறுமாறாக ஏறினால் விலைவாசியே டூலாலி. கோபம் இல்லாத, கொஞ்சம் செல்லமான, கொஞ்சம் பழைய காலத்து வார்த்தை. எழுபது, எண்பது வயதுக்காரர்கள் வாயில் சரளமாக வருகிறது. இருபது வயதுக் கேரர்களுக்கு (பராமரிப்பு உதவியாளர்களுக்கு) தெரியும், ஆனால் அவர்கள் அவ்வளவாகச் சொல்வதில்லை.

யார் யாரைப் பற்றிச் சொல்கிறார் என்பதில்தான் சூட்சுமம். தன்னைப் பற்றித் தானே சொன்னால் நகைச்சுவை. ஒத்த வயது சிநேகிதிகள் ஒருவரை ஒருவர் சொல்லிக்கொண்டால் அதுவும் அப்படியே. மறதி நோய் இருக்கும் ஒருவரைப் பற்றி அவர் மகன் சொல்லும்போது சிரிப்புக்குப் பின்னால் வேறு ஏதோ இருக்கும். நாம் சிரிக்கவும் கூடாது, கண்டிக்கவும் கூடாது. நர்ஸோ கேரரோ ஒரு நோயாளியைப் பற்றிச் சொன்னால்? சொல்லவே கூடாது, அவர் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டாலும் நாம் திருப்பிச் சொல்லக் கூடாது. அந்தப் பாட்டி "நான் டூலாலி ஆகிவிட்டேன்" என்றால் "ஆமாம், ஆகிவிட்டீர்கள்" என்று ஒத்துப் பாடுவது அவருக்கு எப்படி இருக்கும்? நான் வழக்கமாகச் சொல்வது: "கண்ணாடியை நான்கூட இப்படித்தான் தேடுவேன்."

இந்த வார்த்தையைத் தெரிந்துவைத்திருப்பது ஒருமுறை பெரிய உதவியாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அம்மாவைப் பார்க்க வந்த ஒருவர் கிளம்பும்போது கோட்டை மாட்டிக்கொண்டே, "அம்மா வெள்ளிக்கிழமையிலிருந்து கொஞ்சம் டூலாலி" என்றார், போகிற போக்கில் சொல்வது போல. பேச்சுவாக்கில் விட்டுவிடக்கூடிய வாக்கியம். 'டூலாலி' என்பதை ஒதுக்கிவிட்டு 'வெள்ளிக்கிழமையிலிருந்து' என்பதைப் பிடித்துக்கொண்டேன். மறதி நோய் பொதுவாக இப்படி ஒரு கிழமையில் ஆரம்பிக்காது. மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் மெதுவாக வரும். வயதானவர்களுக்கு இரண்டு மூன்று நாளில் குழப்பம் கூடினால் அது டெலிரியமாக, அதாவது உடல் கோளாறால் வரும் திடீர்க் குழப்பமாக, இருக்க வாய்ப்பு அதிகம். அதற்கு அடியில் தொற்று, நீர்ச்சத்துக் குறைவு, மலச்சிக்கல், வலி, புதிதாகத் தொடங்கிய மாத்திரை என்று ஏதோ ஒரு காரணம் இருக்கும். எதை வைத்து அப்படிச் சொல்கிறீர்கள் என்று அவரிடம் கேட்டேன். ராத்திரி தூங்காமல் கார்டிகனின் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தாராம், தேநீரைத் தொடவே இல்லையாம். டாக்டருக்குத் தகவல் போனது, சிறுநீர் ஆய்வகத்துக்குப் போனது, தொற்று இருந்தது, மருந்து கொடுத்தார்கள், அம்மா பழையபடி வம்பளக்க ஆரம்பித்தார். (சிறுநீரில் சோதனைப் பட்டையை நனைத்துப் பார்ப்பதை மட்டும் நம்பி 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத் தொற்று என்று முடிவு கட்டக்கூடாது என்பது இங்குள்ள வழிகாட்டுதல். புதிதாக வருகிறவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.)

அன்று நோட்ஸில் எழுதியது: மகன் சொன்னபடி வெள்ளி முதல் வழக்கத்தைவிடக் குழப்பம் அதிகம், இரவு தூக்கமில்லை, துணியைத் திருகுகிறார், நீர் அருந்துவது குறைவு. குடும்பத்தார் சொன்ன வார்த்தையே முக்கியம் என்று பட்டால், மகன் சொன்னார் என்று மேற்கோள் குறிக்குள் போடலாம். நம் வார்த்தையாக மட்டும் அது தாளில் ஏறக்கூடாது. அந்தத் தாளை நாளைக்கு மகனும் படிப்பார், ஆய்வுக்கு வருகிற அதிகாரியும் படிப்பார்.

சரி, வார்த்தை எங்கிருந்து வந்தது? இதைக் கிளறிவிட்டவர் எங்கள் இல்லத்திலேயே இருந்த ஒரு தாத்தா. வாலிப வயதில் கட்டாய ராணுவச் சேவை செய்தவர். சாப்பாட்டு மேசையில் யாரோ டூலாலி என்றதும் என் பக்கம் திரும்பி, "அது உங்க நாட்டு ஊர் தெரியுமா? பைத்தியம் பிடித்த சிப்பாய்களை அங்கேதான் அடைத்து வைத்திருந்தார்கள்" என்றார். பாதி சரி, பாதி கதை.

ஊர் இருப்பது உண்மை. மகாராஷ்டிரத்தில் நாசிக்கை ஒட்டிய தேவளாலி. மும்பையிலிருந்து தல் காட் மலைப்பாதை ஏறி வரும் ரயிலில், நாசிக் ரோடு ஸ்டேஷனுக்கு முன்னால் வரும் நிறுத்தம், ஏறக்குறைய 180 கிலோமீட்டர். மராத்தியில் அந்தப் பெயரில் நம் 'ள' இருக்கிறது. நாம் பிசகாமல் சொல்லிவிடுவோம். பர்மிங்காமிலிருந்தும் கார்டிஃபிலிருந்தும் வந்து இறங்கிய சிப்பாய்க்கு அந்த எழுத்து வாயில் நுழையாது. 'டியோலாலி' என்று எழுதினான், 'டூலாலி' என்று சொன்னான்.

1861-ல் பிரிட்டிஷ் ராணுவம் அங்கே ஓர் இடைத்தங்கல் முகாம் அமைத்தது. கப்பலில் பம்பாய் வந்து இறங்கும் படைகள் இந்தியாவின் மற்ற இடங்களுக்குப் போகும் முன் அங்கே தங்கும். திரும்பி இங்கிலாந்து போகிறவர்களும் கப்பல் வரும்வரை அங்கேதான் தங்க வேண்டும். இந்த இரண்டாவது கூட்டம்தான் வார்த்தையைப் பெற்றெடுத்தது.

அதற்கு அந்தக் காலத்து ராணுவ வேலை எப்படி நடந்தது என்று தெரிந்திருக்க வேண்டும். 1870-ல் வந்த சட்டத்தின்படி சாதாரண சிப்பாய்க்கு 12 ஆண்டு ஒப்பந்தம். அதில் ஒரு பகுதியைப் படையில் கழிப்பான், மிச்சத்தை ஊரில் ரிசர்வ் பட்டியலில் கழிப்பான். எனவே படைக்காலம் முடிந்தவர்கள் வருஷாவருஷம் திரும்பிக்கொண்டே இருந்தார்கள். படைகளைக் கொண்டுபோக ஏற்கெனவே 1860-களின் நடுவில் ஐந்து பெரிய துருப்புக் கப்பல்கள் கட்டியிருந்தார்கள்: குரோக்கடைல், யூப்ரடீஸ், ஜும்னா, மலபார், செராபிஸ். 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்ததும் பயணம் ஏறக்குறைய ஒரு மாதமாகச் சுருங்கியது. ஆனால் அந்தக் கப்பல்கள் ஆண்டு முழுவதும் ஓடவில்லை. கோடையில் செங்கடல் வெக்கையையும் அரபிக் கடலின் பருவமழையையும் தவிர்க்க, குளிர்காலத்தில், ஏறக்குறைய நவம்பரிலிருந்து மார்ச் வரை, மட்டும்தான் துருப்புகளை ஏற்றிச் சென்றார்கள். ஒருவனுடைய படைக்காலம் ஏப்ரலில் முடிந்தால்? அடுத்த கப்பல் பருவம் வரை தேவளாலியில் உட்கார வேண்டியதுதான்.

உட்கார்ந்து என்ன செய்வது? அவனுடைய படைப்பிரிவு எங்கேயோ இருக்கிறது, அவன் அதிலிருந்து விலகியாகிவிட்டது. துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. உருப்படியான வேலை கிடையாது. கையில் கொஞ்சம் பணம், முகாமுக்கு வெளியே சாராயம். ஃபிராங்க் ரிச்சர்ட்ஸ் என்ற வேல்ஸ் நாட்டுச் சிப்பாய் 1900-களின் தொடக்கத்தில் இந்தியாவிலும் பர்மாவிலும் இருந்தவர். 1936-ல் வெளிவந்த நினைவுக்குறிப்பில் இதை விவரமாகச் சொல்கிறார். வருஷக்கணக்கில் ஒரு கெட்ட பெயரும் வாங்காமல் இருந்தவர்கள்கூட அந்தக் காத்திருப்பில் ஏதாவது செய்து மாட்டிக்கொண்டு சிறைக்குப் போனார்கள், சிலர் நோய் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், சிலர் விசித்திரமாக நடந்துகொண்டார்கள் என்கிறார். அப்படி ஒருவன் நடந்துகொண்டால் "அவனுக்கு டூலாலி டாப்" என்பார்களாம்.

அந்த 'டாப்' தான் சுவாரசியம். இந்துஸ்தானியில் 'தப்' என்றால் காய்ச்சல். பாரசீக வழியாக வந்த சொல், சமஸ்கிருதத்தின் 'தபஸ்' அதற்குச் சொந்தம். ஆக 'தேவளாலிக் காய்ச்சல்' என்பதுதான் முழு வடிவம். 1925-ல் வெளிவந்த படைவீரர், மாலுமிகளின் சொல் தொகுப்பு ஒன்றில் அது இந்த முழு வடிவத்திலேயே இருக்கிறது. இந்துஸ்தானி தெரியாதவன் காதில் 'டாப்' என்பது தட்டுவதாகவோ தண்ணீர்க் குழாயாகவோதான் கேட்டிருக்கும். பொருள் தெரியாத வால் தானே உதிர்ந்துவிட்டது. ஊர்ப்பெயர் மட்டும் மிஞ்சியது, அதுவும் ஊர் என்று தெரியாமல். இங்கே ஒரு குறுக்குச் சால் ஓட்டிக்கொள்கிறேன்: நம் 'தவம்' என்பதையும் அந்தத் தபஸிலிருந்து வந்ததாகவே பலரும் கொள்கிறார்கள். ரேஷன் கடை வாசலிலும் விசா ஆபீஸ் வாசலிலும் 'தவம் கிடக்கிறோம்' என்கிறோம் இல்லையா? தேவளாலியில் அந்தச் சிப்பாய்கள் செய்ததும் அதேதான்.

இனி அந்தத் தாத்தாவின் கதை. பைத்தியக்காரச் சிப்பாய்களுக்கான ஆஸ்பத்திரி அங்கே இருந்தது, அதனால்தான் ஊர்ப்பெயர் கிறுக்கானது என்பது இங்கிலாந்தில் பரவலாகச் சொல்லப்படுகிறது. வெயில் தலைக்கேறிக் கிறுக்கானார்கள் என்பது இன்னொரு கதை. இரண்டும் கேட்க நன்றாக இருக்கின்றன, ஒரே வரியில் முடிந்துவிடுகின்றன. ஆனால் அங்கே இருந்து வந்தவர்களின் பேச்சில் அழுத்தமாக நிற்பது காத்திருப்பும் சலிப்பும்தான். முகாமில் ராணுவ ஆஸ்பத்திரி இருந்தது. மலேரியாக் காய்ச்சலும் இருந்தது. அதெல்லாம் அந்தக் காலத்து எந்த முகாமிலும் இருந்ததுதான். தேவளாலிக்கு மட்டும் உரிய விசேஷம், கப்பலுக்கான காத்திருப்பு.

வெயில் கதையைச் சோதிக்க எனக்கு வீட்டிலேயே ஆள் இருந்தார். சுதந்திரத்துக்குப் பிறகு இந்திய ராணுவத்தின் பீரங்கிப் பள்ளி தேவளாலியில்தான் இயங்குகிறது. பீரங்கிப் படையில் இருந்த தமிழ்நாட்டுக்காரர் பலருக்கும் அந்த ஊர் பழக்கம். என் மாமா நாகர்கோவிலில் ஓய்வுபெற்று இருக்கிறார், அந்தப் படைதான். போனில் கேட்டேன். "தேவளாலியா? நல்ல ஊருல்லா மக்கா அது! மார்கழியில கம்பளி இல்லாம படுக்க முடியாது. பக்கத்துல நாசிக்கு, திராட்சையா தின்னோம். சூடுன்னு எவன் சொன்னான்?" என்றார். கடல் மட்டத்துக்கு மேல் 550 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர். சித்திரை, வைகாசியில் வெயில் உண்டு, ஆனால் மத்திய இந்தியாவில் படைகள் கிடந்த எத்தனையோ இடங்களை விட அது தேவலை. வெயில்தான் காரணம் என்றால் வேறு ஊர்களின் பெயர்கள் வார்த்தையாகியிருக்க வேண்டும். அப்புறம் மாமா, "உங்க ஊருல எங்க ரெஜிமெண்ட் ஊரையா கிறுக்குன்னு சொல்லுகான்?" என்று கொஞ்சம் கோபப்பட்டதையும் சொல்லிவிடுகிறேன்.

இப்படி வேர் தேடுகிற பழக்கம் தொற்றிக்கொண்டது. அதில் சில புத்திகளும் வந்தன. முதலில், சொல்லின் கதை எவ்வளவு கச்சிதமாக இருக்கிறதோ அவ்வளவு சந்தேகப்பட வேண்டும். முதல் எழுத்துகளைச் சேர்த்து உருவான வார்த்தை என்று யாராவது சொன்னால் இன்னும் அதிகமாக. பணக்காரத் தோரணையைச் சொல்லும் 'பாஷ்' என்ற வார்த்தைக்கு, இந்தியக் கப்பல் டிக்கெட்டில் 'போர்ட் அவுட், ஸ்டார்போர்ட் ஹோம்' என்று அச்சடித்திருந்தார்கள், போகும்போது இடப்பக்கமும் வரும்போது வலப்பக்கமும் நிழல் விழும் அறை பணக்காரர்களுக்கு என்று ஒரு கதை உண்டு. எங்கள் இல்லத்தில் இதைச் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்வார்கள். அப்படி அச்சடித்த டிக்கெட் ஒன்றுகூட இதுவரை கிடைத்ததில்லை. அதே கடல்வழி, அதே காலத்துக் கதை. டூலாலிக்கு ஊர் இருக்கிறது, முகாம் இருக்கிறது, சொன்னவர்களின் எழுத்து இருக்கிறது. பாஷுக்குக் கதை மட்டும்தான் இருக்கிறது.

அடுத்தது வருஷம் பார்ப்பது. நான் தினமும் டிஸ்ட்ரிக்ட் லைன் ரயிலில் கடக்கும் பார்க்கிங் ஊரை எடுத்துக்கொள்ளுங்கள் (நம் எழுத்தில் வண்டி நிறுத்தும் பார்க்கிங்கும் இதுவும் ஒன்றாகித் தொலைக்கிறது). 'பார்க்கிங் மேட்' என்றால் முற்றிய கிறுக்கு. அந்த ஊரிலிருந்த பழைய கன்னியர் மடத்தில் மனநோயாளிகளை வைத்திருந்ததால் வந்தது என்பார்கள். மடம் எட்டாம் ஹென்றி காலத்தில், 1539-ல், கலைக்கப்பட்டுவிட்டது. சொற்றொடர் எழுத்தில் தலைகாட்டுவது 20-ஆம் நூற்றாண்டில். நடுவில் நானூறு வருஷம் அது எங்கே ஒளிந்திருந்தது? நாய் குரைப்பதைச் சொல்லும் வார்த்தையே அது, ஊருக்குச் சம்பந்தமில்லை. ஆனாலும் ஊர்க்காரர்கள் விடுவதில்லை. ஒருவரை 'டாகனம்' என்றால், பார்க்கிங்குக்கு அப்பால் மூன்று ஸ்டேஷன் போய்விட்டார் என்று நையாண்டி. அப்னி, பெகன்ட்ரீ, டாகனம் ஹீத்வே. எண்ணிப் பார்த்துவிட்டேன், கணக்குச் சரி.

டூலாலி தனியாகக் கப்பலேறவில்லை என்பதும் தேடும்போது தெரிந்தது. எங்கள் தாத்தா பாட்டிகள் "ஒரு டெக்கோ பார்" என்பது 'தேக்கோ'. சுகமான வேலையைக் 'குஷ்ஷி' என்பது இந்தியாவில் கேட்ட 'குஷி'. துண்டுச்சீட்டைச் 'சிட்' என்பது 'சிட்டி'. இங்கிலாந்தையே 'பிளைட்டி' என்று செல்லமாகச் சொல்வது 'விலாயதி'யிலிருந்து, நாம் 'சீமை' என்று சொன்னோமே, அது. முதல் உலகப் போரில் ஊருக்கு அனுப்பிவைக்கப்படும் அளவுக்கு மட்டும் அடிபட்டால் 'பிளைட்டி ஒன்' கிடைத்தது என்று சந்தோஷப்பட்டார்களாம். படைகளின் வாய்ச்சொல் பெரும்பாலும் இந்துஸ்தானி. தமிழ் வேறு வழியில், சாப்பாடும் வியாபாரமுமாகப் போயிருக்கிறது: கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணீர். 1886-ல் யூல், பர்னெல் இருவரும் தொகுத்த ஆங்கிலோ-இந்தியச் சொல் அகராதியைப் புரட்டினால் இரண்டு கூட்டமும் கிடைக்கும். அந்த அகராதியின் பெயரான 'ஹாப்சன்-ஜாப்சன்' என்பதே, முஹர்ரம் ஊர்வலத்தில் 'யா ஹஸன், யா ஹுஸைன்' என்று எழும் குரலைச் சிப்பாய்கள் கேட்ட லட்சணம். தேவளாலியைக் கேட்ட அதே காதுதான்.

டூலாலியைப் பற்றி அக்காவிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது அவர் கேட்டார்: "எங்கட ஆக்கள் 'அங்கொடை கேஸ்' எண்டு சொல்லுறது மாதிரி, என்ன?" கொழும்புக்குப் பக்கத்தில் அங்கொடையில் மனநல ஆஸ்பத்திரி இருக்கிறது. நாம் 'கீழ்ப்பாக்கம் கேஸ்' என்கிறோம். கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம் 1794-ல் சென்னையில் வேறொரு இடத்தில் தொடங்கி 1871-ல் இப்போதுள்ள இடத்துக்கு வந்தது. லண்டன்காரர்கள் கூச்சல் குழப்பத்தை 'பெட்லம்' என்பது 1247-ல் உருவான பெத்லம் ஆஸ்பத்திரியால். அது இடம் மாறி இடம் மாறி இன்றும் நகரின் தெற்கே பெக்கனத்தில் மனநல ஆஸ்பத்திரியாகவே இயங்குகிறது. எல்லா ஊர்க்காரர்களும் ஒரே வேலையைத்தான் செய்திருக்கிறோம்: சிகிச்சைக்குப் போகிற இடத்தை வசவாக்கிவிடுவது. இதன் பலனை நர்ஸ்கள் தினமும் பார்க்கிறோம். மனநல மருத்துவரைப் பார்க்கலாம் என்று சொன்னதும் குடும்பம் விறைத்துக்கொள்வது இந்தப் பேச்சினாலும்தான். எங்கள் தென்மாவட்டங்களில் 'ஏர்வாடிக்குக் கொண்டுபோய்க் கட்டணும்' என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகக் கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டி வைத்திருந்ததால் ஓட முடியாமல் கருகினார்கள், 28 பேர் உயிர் போனது. அந்த வேடிக்கையை எங்கள் வீட்டில் யாரும் இப்போது சொல்வதில்லை. நான் சொல்ல விடுவதும் இல்லை.

அதனால் டூலாலியையும் சொல்லக் கூடாது என்பீர்களா? நான் அப்படி நினைக்கவில்லை. அந்த வார்த்தை பிறந்தது சிகிச்சைக்குப் போனவர்களைக் கேலி செய்து அல்ல. காத்திருந்த சிப்பாய்கள் தங்களைத் தாங்களே, தங்கள் கூட்டத்தானையே சொன்னது. இன்றைக்கும் அது தன்னைப் பற்றிச் சொல்லும்போதுதான் பொருத்தமாக இருக்கிறது. அந்த எல்லைக்குள் இருக்கட்டும். இன்னொன்று, 1974 முதல் 1981 வரை பிபிசியில் ஓடிய ஒரு நகைச்சுவைத் தொடர், தொடக்கத்தில் தேவளாலி ராணுவ முகாமில் நடப்பதாக எடுக்கப்பட்டது. இந்தியப் பாத்திரம் ஒன்றில் முகத்துக்குச் சாயம் பூசிய வெள்ளைக்காரர் நடித்திருந்தார். சில முதியவர்கள் டூலாலி என்றதும் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள், நம்மையும் சிரிக்கச் சொல்வார்கள். சிரிக்க வேண்டிய கட்டாயம் நமக்குக் கிடையாது. "நான் பார்த்ததில்லை" என்று சொல்லிவிட்டு மாத்திரையை நீட்டினால் போதும்.

சேலத்திலிருந்து போன மாதம் ஒரு பெண் புதிதாகச் சேர்ந்திருக்கிறாள். என்னை 'அக்கா அக்கா' என்று சுற்றிவந்து வார்த்தை வார்த்தையாகக் கேட்கிறாள், சின்ன நோட்டு ஒன்றில் எழுதிக்கொள்கிறாள். அவளுக்கு நான் சொன்னது, அர்த்தத்தோடு நிற்காமல் யார் சொன்னார், யாரைப் பார்த்துச் சொன்னார், சிரித்துக்கொண்டா என்பதையும் பக்கத்தில் எழுதிக்கொள் என்று. சந்தேகம் வந்தால் சொன்னவரிடமே "அப்படியென்றால் என்ன?" என்று கேட்டுவிடலாம். முதியவர்களுக்கு இதைவிடப் பிடித்த கேள்வி கிடையாது, அரைமணி நேரம் கதை கிடைக்கும், காபியும் ஒழுங்காகக் குடித்து முடிப்பார்கள்.

நேற்று அவள் கொண்டுவந்த வாக்கியம், "ஐ நீட் டு ஸ்பெண்ட் எ பென்னி." பாட்டி பணம் கேட்கிறாரா என்று அலுவலகத்தில் விசாரிக்கப் போயிருக்கிறாள். பொதுக் கழிப்பறைக் கதவு ஒரு பென்னி நாணயம் போட்டால்தான் திறக்கும் என்றிருந்த காலத்துப் பேச்சு அது. பாத்ரூம் போக வேண்டும் என்று அர்த்தம். இதற்கெல்லாம் வேர் ஆராய்ச்சி அப்புறம் வைத்துக்கொள்ளலாம், முதலில் ஓடிப்போய் வாக்கரை எடுத்துக் கொடு என்றேன்.